கூரைக்குப் பொறுப்பாளி யார்?

தன் கண்ணால் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொள்ள இயலாத ஒரு வேலையைப் பிறனிடம் கூலி கொடுத்து ஒருவன் செய்வித்துக்கொள்ளும்போது, அந்த வேலையின் நேர்மைக்குக் கர்த்தா செய்தவனா, செய்வித்தவனா என்ற கேள்வி, சாஸ்திர விசாரணைக்கென்று ஒதுங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாத்திரம் உரியதன்று. வீடு கட்டுகிற ஒவ்வொரு குடும்பஸ்தனும், ஒழுகுகிற தளத்தைச் சீர்செய்ய மேஸ்திரியைத் தேடிப் புறப்படுகிற ஒவ்வொரு குடும்பத் தலைவியும், அறிந்தோ அறியாமலோ இந்தக் கேள்விக்கு ஒரு விடையைத் தீர்மானித்துக்கொண்டுதான் அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். அவ்விடை பெரும்பாலும் தவறாக இருக்கிறது என்பது என் துணிபு. அதனால் விளைகிற கேடு ஒழுகலோடு நில்லாமல் உயிர்ச்சேதம் வரைக்கும் போய்விடுகிற காரணத்தால், இதைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

கட்டடத்தின் மற்ற உறுப்புகளெல்லாம் ஒருவாறு நம் பார்வைக்கு அடங்கியவை. சுவர் கோணினால் தூக்குக் குண்டு காட்டிக்கொடுக்கும். நிலை சாய்ந்தால் கதவு சாத்தாது. தரை மேடுபள்ளமானால் கால் சொல்லிவிடும். கூரையின் லட்சணம் அத்தகையதன்று. பழைய வீடுகளில் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தை எடுத்துக்கொள்வோம். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து இறுகச்செய்து, கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். தட்டியது போதுமா என்பதை அறிவதற்கு அளவுகோல் ஒன்றும் கிடையாது. ஓங்கி அடித்த கட்டை கலவையில் அழுந்தாமல் துள்ளித் திரும்புகிறதா என்று அடித்தவளின் மணிக்கட்டு உணர்வதே பரீட்சை. தட்டோடு பதித்த மறுநாள் அந்த ஞானம் அவளிடம் மாத்திரமே எஞ்சியிருக்கும். அந்த வீட்டில் ஐம்பது ஆண்டுகள் வாழப்போகிறவர்களுக்கு அது ஒருபோதும் கிட்டாது.

இக்காலத்துக் கான்கிரீட் தளத்தில் இந்த மறைவு இன்னும் கடுமையாகிவிட்டது. கம்பிகள் எத்தனை அங்குல இடைவெளியில் கட்டப்பட்டன, கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் வைத்தார்களா, கலவையில் தண்ணீரை அளந்து விட்டார்களா, மனம்போனபடி குழாயைத் திறந்துவிட்டார்களா என்பனவெல்லாம் ஒரே பகலுக்குள் புதைந்துபோகின்றன. அடிப்புறக் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் இருக்க வேண்டும், கடற்கரை ஊர்களில் அதற்கும் மேலே வேண்டும் என்பது விதி. அந்தக் கனம் குறைந்த இடத்தில் உப்புக் காற்றும் ஈரமும் கம்பியைப் பற்றுகின்றன. துருவானது தான் உண்ட இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையதாகையால், உள்ளிருந்தே வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. தளம் போட்டுப் பல ஆண்டுகள் கழிந்து, ஒருநாள் கூடத்தின் மேற்பூச்சு பாளம்பாளமாகப் பெயர்ந்து விழுகையில், அன்று கவர் பிளாக் வைக்காமல் விட்ட கை எந்த ஊரில் எந்தத் தளத்தின்மேல் இருக்கிறதோ, யார் அறிவார்!

இப்படிப்பட்ட ஒரு பொருளைப்பற்றி நாம் உண்மையை அறிவது எவ்வாறு? அறிவு பெறும் வழிகளாகிய அளவைகளை ஆசிரியர்கள் ஆறென்றும் பத்தென்றும் விரித்தாலும், அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் முகப்பிலேயே காட்டியிருக்கிறார். காணப்படாத இறைவனை விசாரிப்பதற்காக நம் முன்னோர் தீட்டிவைத்த இக்கருவிகளைக் கூரைக்கு எடுத்தாளுவது பெரியதைச் சிறியதாக்குவதாகும் என்று நான் கருதவில்லை. மறைந்திருப்பதை அறிய வேண்டிய அவசியம் நேர்கிற இடத்திலெல்லாம் அளவைகளுக்கு வேலையுண்டு. அவற்றைச் சாஸ்திரத்தோடு கட்டிவைத்துவிட்டு, வாழ்க்கைக்கு வரும்போது வெறும் அதிர்ஷ்டத்தை நம்புவதே அவற்றுக்கு நாம் செய்யும் அபசாரம்.

காட்சி என்பது இங்கே அறவே இல்லாமற் போய்விடவில்லை. அதற்குக் காலம் மிகச் சொற்பம், அவ்வளவுதான். தளம் போடுவதற்கு முந்திய நாள் மாலையில், கம்பி கட்டி முடிந்தபின், வீட்டுக்காரர் ஏணியில் ஏறிப் பார்க்கலாம். கவர் பிளாக்குகள் இடம்விட்டு இடம் இருக்கின்றனவா, கம்பிகள் மிதிபட்டுப் பலகையோடு பலகையாகக் கிடக்கின்றனவா, மின்குழாய்கள் கம்பிக்கு இடைஞ்சல் இல்லாமல் போகின்றனவா என்று தெரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆனால் அந்த மாலையில் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார்? மறுநாள் பூஜைக்குத் தேங்காய் பழம் வாங்கக் கடைத்தெருவில் இருக்கிறார். கற்பூரம் காட்டி, முதல் சட்டிக் கலவையைத் தம் கையால் தொட்டுக் கொடுத்து, வேலையாட்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடுகிற வழக்கத்தை நான் மிகவும் போற்றுகிறேன். அந்த பக்தியின் ஒரு பகுதியாக முந்திய மாலை அரைமணி நேரம் மேலே நிற்பதும் அமைந்தால், பூஜை இன்னும் நிறைவாகும்.

பழுது பார்க்கும் வேலையில் காட்சிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடமிருக்கிறது. நல்ல மேஸ்திரி ஒருவர் வேலை முடிந்த தளத்தை ஒப்படைப்பதை ஒருமுறை அருகிருந்து பார்த்தேன். அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குடம் நீரைத் தூரத்து மூலையில் மெல்லச் சாய்த்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த நீர் தட்டோட்டின் இடுக்குகளில் தயங்கித் தயங்கி நடந்து மழைநீர்க் குழாயின் வாயை அடையும் வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்தார். நடுவில் ஒரு கையகல இடத்தில் நீர் நின்றது. அவர் எழுந்து அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, வாட்டம் சரியில்லை என்று தம் ஆளிடம் சொல்லி, நான்கு ஓடுகளைப் பெயர்த்து மறுபடி பதிக்கச் செய்தார். வீட்டுக்காரர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். கவனித்தாலும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்.

இனிக் கருதல் அளவை. கூரை விஷயத்தில் இதுவே தலையாயது. இதற்கு நமக்குக் கிடைக்கும் ஏதுக்களில் விலை முதன்மையானது. சதுரத்துக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று காண்டிராக்டர் சொல்லும் தொகையை நாம் பேரத்துக்குரிய ஓர் எண்ணாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அந்த எண்ணைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவனுக்கு, அதற்குள் வரப்போகும் தளத்தின் சரித்திரம் முழுவதும் இருக்கிறது. 1000 சதுர அடிக்கு 5 அங்குல கனத்தில் தளம் போடுவதானால் கான்கிரீட் ஏறக்குறைய 417 கன அடி, அதாவது 12 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவையில் கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் சிமென்ட் 95 மூட்டையை ஒட்டிச் செலவாகும். கம்பி, அறைகளின் அகலத்தைப் பொறுத்து, ஒரு டன்னை முன்பின்னாகச் சாரும். தெருக்கோடிக் கடையில் அன்றைய சிமென்ட் விலையையும் கம்பி விலையையும் விசாரித்து, எம்-சாண்டுக்கும் ஜல்லிக்கும் லோடு விலை கேட்டு, சென்ட்ரிங் வாடகையையும் ஆள்கூலியையும் கூட்டிப் பார்த்தால், எந்தத் தொகைக்குக் கீழே அந்த வேலையை நேர்மையாகச் செய்யவே முடியாது என்பது அரைமணியில் விளங்கிவிடும். நம்மிடம் வந்த மூன்று மதிப்பீடுகளில் ஒன்று அதற்கும் கீழே இருக்குமானால், புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாக ஏதோ ஒன்று குறையப்போகிறது என்று ஊகிக்கலாம்.

எது குறையும் என்பதும் ரகசியமன்று. மூட்டைகள் குறையும், கலவை இளகலாக ஓடுவதற்காகத் தண்ணீர் கூடும், கூடிய தண்ணீர் ஆவியாகிப் போன வழியெல்லாம் மழைநீர் உள்ளே வருவதற்குத் துவாரமாகும். பாத்தி கட்டி நீர் நிறுத்தித் தளத்தை நனைத்து வைப்பது சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாளாவது, சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு 10 நாளாவது நடக்க வேண்டியது. அது நாலாம் நாளே நின்றுபோகும். எல்லாவற்றிலும் கொடியது சென்ட்ரிங் பிரிப்பதில் வருகிற அவசரம். பலகைக்கும் முட்டுக்கும் வாடகை நாள்கணக்கில் ஏறுகிறது. நாலரை மீட்டர் வரையிலான அகலத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டுகள் நிற்க வேண்டும் என்பது விதியாக இருந்தாலும், குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டவருக்கு ஒவ்வொரு நாளும் தம் கைப்பணம் கரைவதுபோல் தோன்றுமாகையால், இளந்தளத்தின் அடியிலிருந்து முட்டை உருவும் ஆசை அவரை விடுவதில்லை.

நான் அறிந்த ஒரு மேஸ்திரி, தொகையை மிகவும் அடித்துப் பேசிய ஒருவரிடம் கைகூப்பி, "இந்தக் காசுக்குச் செஞ்சா பின்னாடி பத்து வருஷம் என்னைத் திட்டுவீங்க சாமி, செய்யாம போனா இன்னிக்கு ஒரு நாள்தான் திட்டுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் விட்டுப்போன வேலையை வேறொருவர் அதே தொகைக்கு எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் தம் சாமர்த்தியத்தை எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

இந்த இடத்தில்தான் கட்டுரையின் கேள்வி தன் முழு உருவத்தோடு எழுந்து நிற்கிறது. நேர்மையாகச் செய்யப் போதாத தொகை என்பதை அறிந்தும், அல்லது அறிய முயலாமலும், ஒருவனை அத்தொகைக்கு இசையச் செய்தவனுக்கு அப்பால் நிகழும் மோசத்தில் பங்கில்லையா? செய்தவன், செய்வித்தவன், தூண்டியவன், ஆமோதித்தவன் ஆகிய நால்வரும் நல்வினையிலும் தீவினையிலும் சமபங்காளிகள் என்பது வடமொழி மரபில் பெரியோர் வாக்காக வழங்கும் கருத்து. நாம் தர்மகாரியங்களில் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம். கோபுரத் திருப்பணிக்குப் பத்து ரூபாய் கொடுத்தவரும் புண்ணியத்தில் பங்கு கோருகிறார். பேரத்தின் மறுபக்கத்துக்கு அதே கணக்கை எழுத மனம் வருவதில்லை.

பழைய சட்டங்கள் இரண்டு இங்கே என் நினைவுக்கு வருகின்றன. சூசா நகரத்தின் இடிபாடுகளிலிருந்து 1901-02ஆம் ஆண்டில் வெளிப்பட்டு, இன்று பாரிஸ் நகரத்து லூவ்ர் காட்சிச்சாலையில் நிற்கும் கருங்கற்றூணில், ஏறக்குறைய 3750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் 228ஆவது என்று அறிஞர்கள் எண்ணிட்ட சட்டம், வீடு கட்டி முடித்த கொத்தனுக்கு ஒரு ஸார் பரப்புக்கு இரண்டு ஷெக்கல் வெள்ளி கொடுக்க வேண்டும் என்று கூலியை நிர்ணயிக்கிறது. ஸார் என்பது 36 சதுர மீட்டர் அளவு; நம் கணக்கில் நான்கு சதுரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு அடுத்த சட்டமே, அவன் கட்டிய வீடு உறுதியில்லாமல் இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கொத்தனுக்கு மரண தண்டனை என்கிறது. வீட்டுக்காரனின் மகன் இறந்தால் கொத்தனின் மகனைக் கொல்ல வேண்டும் என்று அதற்கடுத்த சட்டம் கூறுவது நம் நெஞ்சை நடுங்கச் செய்யும் கொடுமை. குற்றமற்ற பிள்ளையின் உயிரைக் கணக்குத் தீர்க்க எடுப்பதை எந்தக் காலத்து நியாயமும் நியாயமாக்காது. எனினும் அந்தச் சட்டங்களின் வரிசையில் ஒரு விவேகம் இருக்கிறது. கூலி முதலில் வருகிறது. பொறுப்பு பின்னர் வருகிறது. போதுமான கூலியை அரசன் ஆணையாக உறுதிசெய்துவிட்டபின்தான் அரசன் கொத்தனிடம் கணக்குக் கேட்கிறான். நாம் அந்த முதற்சட்டத்தை விட்டுவிட்டு இரண்டாவதன் கோபத்தை மாத்திரம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மற்றொன்று விவிலியத்தின் உபாகமத்தில், 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. புதுவீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு, அங்கிருந்து ஒருவன் விழுந்தால், அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று அது விதிக்கிறது. இங்கே கொத்தனைப்பற்றிப் பேச்சே இல்லை. கட்டளை முழுவதும் வீட்டுக்காரனை நோக்கியது. விழப்போகிறவன் விருந்தாளியா, வேலைக்காரனா, வழிதவறி ஏறியவனா என்றும் அது பிரித்துக் கேட்கவில்லை. யாரேனும் ஒருவன் உன் கூரையின்மேல் நிற்கக்கூடும் என்ற நினைவு உனக்கு இருந்திருக்க வேண்டும் என்பதே அதன் உட்கிடை. இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பாபிலோன் சொன்னதில் பாதி உண்மையும், உபாகமம் சொன்னதில் அதைவிட ஆழமான பாதியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. தன் கைத்திறனுக்குக் கொத்தன் பொறுப்பு. ஆனால் அந்தக் கைக்கு நேர்மையாக இருக்கும் வசதியைக் கொடுத்தோமா, அந்தக் கைக்குரியவனின் உயிருக்குக் காவல் செய்தோமா என்பதற்கு வீட்டுக்காரனே பொறுப்பு. முந்தியதை ஒருவாறு பத்திரத்தில் எழுதலாம். பிந்தியது மனச்சாட்சியில் எழுதப்பட வேண்டியது.

மூன்றாவது அளவையாகிய உரைக்கு வருவோம். மேஸ்திரியின் சொல்லை நம்பலாமா? திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என்று 51ஆம் அதிகாரத்தையும், தெரிந்து வினையாடல் என்று அதற்கடுத்ததையும் அமைத்திருப்பது அரசனுக்காக என்றாலும், நூறு மூட்டை சிமென்ட்டை ஒருவரிடம் ஒப்படைக்கிற சாமானியனுக்கும் அவ்விரண்டு அதிகாரங்களைவிடச் சிறந்த துணை இல்லை. ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவனைச் சந்தேகிப்பதும் ஒரே நிறையுள்ள துன்பங்கள் என்பது அவர் தீர்ப்பு. நம்மில் பெரும்பாலோர் இவ்விரண்டு பிழைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறோம். மைத்துனர் சொன்னார் என்று பத்து நிமிஷத்தில் ஆளை அமர்த்திவிட்டு, பின் மூன்று மாதம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் சித்தாளின் ஒவ்வொரு சட்டியையும் எண்ணுகிறோம்.

ஆராய்வதென்றால் எங்கே, எப்போது ஆராய்வது? காண்டிராக்டர் காட்டும் புதுவீட்டுக்குப் போவதில் பிரயோஜனம் குறைவு. வெள்ளையடித்த தளமெல்லாம் அழகாகவே இருக்கும். மூன்று நான்கு மழைக்காலத்தைக் கண்ட வீடு எது என்று கேட்டு அங்கே போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியில் போனால் இன்னும் உத்தமம். குளியலறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நேர்கீழே மேற்கூரையில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த வீட்டு அம்மாளை விசாரித்தால், எந்த மூலையில் எந்த மாதம் பாத்திரம் வைக்க நேர்ந்தது, சொல்லியனுப்பியபோது மேஸ்திரி வந்தாரா, வராமல் போனாரா என்பது ஒளிவுமறைவின்றி வெளிவரும். தவறே செய்யாத மேஸ்திரியைத் தேடுவது வீண் முயற்சி. ஒழுகுகிறது என்று ஆளனுப்பியபோது மறுவாரம் வந்து நின்றவர் கிடைத்தால் அவரை விடக்கூடாது. அதன்பிறகு தளத்தின் கனம், கலவையின் விகிதம், கம்பியின் கனம், தண்ணீர் விடுவது யார் வேலை, சென்ட்ரிங் பிரிக்கும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பணத்தை வேலையின் படிகளுக்குத் தக்கபடி பிரித்து, ஒரு சிறுபகுதியை ஒரு மழைக்காலம் பார்த்தபின் தருவதென்று வைத்துக்கொண்டால், அதில் அவமதிப்பு ஏதுமில்லை. ஆராய்ச்சி அந்தத் தாளோடு முடிந்துவிட வேண்டும். அப்பால் வேலையை அவரிடம் விட்டுவிட வேண்டும்.

மறைவாக நிற்கும் வேலையின் மேன்மையை நம் சமய மரபு உணர்ந்திருப்பதுபோல் வேறு எங்கும் உணர்ந்திருக்கிறார்களோ, அறியேன். தில்லைச் சிற்றம்பலத்தின் கூரையில் பொன் ஓடுகள் 21,600 என்றும், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள் 72,000 என்றும் சொல்லுவது வழக்கம். ஓடுகள் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகள். ஆணிகள் அவன் உடம்பில் ஓடும் நாடிகள். கீழே நின்று கைகூப்புகிறவர் கண்ணுக்குப் பொன் தெரிகிறது, ஆணி தெரிவதில்லை. தெரியாத ஆணிக்கும் எண்ணிட்டு, அந்த எண்ணுக்கும் ஒரு தத்துவார்த்தத்தை வைத்துப் போற்றிய மனம் எத்தகையது! திருநின்றவூரிலே பூசலார் நாயனார் பொருள் தேடியும் கிடைக்காமல், மனத்திலேயே கல்லும் மரமும் தச்சரும் சேர்த்து, நல்ல நாள் பார்த்து அடிநிலை எடுத்து, இரவிலும் கண்துயிலாமல் சிகரம் வரை வளர்த்து, சுதை பூசி, கிணறும் மதிலும் குளமும் அமைத்த வரலாற்றைச் சேக்கிழார் கூறுகிறார். யாருக்கும் புலப்படாத கோயில் அது. ஓர் அங்கத்தை விட்டிருந்தால் கேட்பவர் எவருமில்லை. ஆயினும் அவர் ஒன்றையும் விடவில்லை. காஞ்சியிலே காடவர்கோன் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, இறைவன் அன்று தமக்குப் பூசலாரின் கோயிலில் வேலையிருக்கிறது என்று அரசனுக்குக் கனவில் சொன்னார் என்றால், அந்த மனக்கோயிலின் ஒவ்வொரு கல்லும் வைத்த இடத்தில் சரியாக வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆனால் இந்த வரலாற்றை மேஸ்திரிக்கு உபதேசமாகச் சொல்லக் கிளம்புகிறவரை நான் தடுத்து நிறுத்துவேன். பூசலாருக்கு மனக்கோயிலிலிருந்து கூலி வேண்டியிருக்கவில்லை. நம் தளத்தின்மேல் நிற்கும் கொத்தனாருக்கும் பெரியாளுக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை மாலை அரிசி வாங்க வேண்டும். பலனை எண்ணாமல் கருமம் செய் என்ற கீதையின் போதனை கருமம் செய்கிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது; கூலி கொடுக்க வேண்டியவன் கூலிக்காரனைப் பார்த்துச் சொன்னால் அது அதர்மமாக மாறிவிடுகிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்று நபிகள் நாயகம் பணித்ததும், கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்று லேவியராகமம் விதித்ததும் கொடுப்பவனை நோக்கியே. மேஸ்திரிக்குக் கொடுத்தாயிற்று, அவர் ஆட்களுக்குக் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன என்று இருந்துவிடுவது இந்தக் கட்டளைகளுக்கு அடங்கிய நடத்தையாகாது.

கூலியைவிடப் பெரியது உயிர். சீமை ஓட்டுக் கூரையில் ஏறுகிறவர் ஓட்டின் நடுவில் கால் வைத்தால் ஓடு உடையும். அடியில் ரீப்பர் ஓடும் இடம் பார்த்து மிதிக்க வேண்டும். அஸ்பெஸ்டாஸ் தகட்டின்மேல் பலகை போடாமல் நடப்பது மரணத்தின்மேல் நடப்பது; நாள்பட்ட தகடு முன்னறிவிப்பில்லாமல் விட்டுக்கொடுக்கும்; அதை அறுக்கும்போது எழுகிற தூசோ நுரையீரலுக்குள் புகுந்து ஆண்டுகள் கழித்துப் பழிவாங்கும். நீளக் கம்பியை மேலேற்றும்போது தெருவில் ஓடும் மின்கம்பியில் பட்டு மாண்டவர்களின் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. இவற்றுக்கெல்லாம் தொழிலாளியின் அஜாக்கிரதை என்று பெயரிட்டு நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்க்கு 1994இல் நல வாரியம் ஏற்பட்டது. 1996இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. தம் ஆட்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று காண்டிராக்டரைக் கேட்ட வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்? அட்டை இருந்தால் விபத்து நேர்ந்த குடும்பத்துக்கு உதவித்தொகை பெற வழி பிறக்கிறது. ஒரு கேள்வி கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டா மாவட்டங்களில் ஓடும் கீற்றும் தகடும் பறந்தன. காற்றுக்குத் தகட்டின்மேல் பகையில்லை; இறுக்கும் போல்ட்டுகளில் சிலவற்றை மிச்சம் பிடித்த இடமெங்கே என்று அது தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது. அதற்கும் முன்னால், 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி, கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் அடுப்பின் நெருப்பு கீற்றுக்கூரையைப் பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை கூடாதென்று அரசாங்கம் ஆணையிட்டது. அந்தக் கீற்றை வேய்ந்தவர் பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்க நியாயமுமில்லை, அவர் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கக்கூடும். குழந்தைகளின் தலைக்குமேல் எது இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்களைத்தான் ஊர் கேட்டது, நீதிமன்றமும் கேட்டது. உபாகமத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது என்று நான் எண்ணுவதற்கு அந்தக் குழந்தைகளே காரணம். செய்தவனுக்குரிய பொறுப்பு வேலையோடு பிறந்து வேலையோடு முடிகிறது. செய்வித்தவனுக்குரியதோ ஆள் தேடப் புறப்பட்ட காலையிலேயே தொடங்கி, அந்தக் கூரையின்கீழ் ஒருவர் வசிக்கும் வரைக்கும் நீள்கிறது.

ஐப்பசி பிறந்தபின் ஒழுகலுக்கு ஆள் தேடினால், ஆளும் கிடைக்கமாட்டார், கிடைத்தவர் ஈரத்தின்மேல் பூசிவிட்டுப் போவார், கூலியும் இரட்டிப்பாகும். ஆகையால் வெயில் இருக்கும்போதே மேஸ்திரியை அழையுங்கள். அவர் சொல்லும் தொகையைக் குறைக்கப் பேசுவதற்கு முன்னால், அதில் எத்தனை மூட்டை, எத்தனை நாள் தண்ணீர் என்று கேளுங்கள். மேலே ஏறும் ஆளுக்கு இடுப்பில் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள்; சனிக்கிழமை மாலை அவர் கூலி அவர் கைக்கு வந்ததா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். உங்கள் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையானால், மற்ற பழுதெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கட்டும். அதை முதலில் கட்டச் சொல்லுங்கள்.